முன்னால் பூட்டும் மோட்டரா, பின்னால் தள்ளும் மோட்டரா?

யாழ்ப்பாணத்தில் பெரிய ஏற்றம் இல்லை. கையால் உருட்டும் சக்கர நாற்காலியில் மோட்டர் பூட்டி ஓடுபவருக்குச் சோதனை ஒழுங்கை மணலும் வீதிக் குழியும்தான். ஆகவே வெளியில் ஓட முன்னால் கவ்விப் பூட்டும் மோட்டர் சில்லையே எடுங்கள். அது நாற்காலியின் சின்ன முன்சில்லுகளை நிலத்திலிருந்து தூக்கிவிடும். பின்னால் தள்ளும் மோட்டரில் அவை நிலத்திலேயே உருளும்; குழியில் சிக்கினால் ஆள் முன்னுக்கு விழுவார். பலவற்றில் பிறேக்கும் இல்லை, கையால் சில்லை அழுத்தித்தான் நிறுத்தவேண்டும். கைப்பலம் குறைந்தவருக்கு அது ஆபத்து. வீட்டுக்குள், ஒடுங்கிய விறாந்தையில் திரும்ப மட்டும் பின்மோட்டரே வசதி, பாரமும் குறைவு.

முன்மோட்டரில் கவனிக்க வேண்டியது கவ்வி. மடிக்கும் நாற்காலியின் சட்டம் நெளிவதால் அதிர்வில் அது தளரும். ஒவ்வொருமுறையும் பூட்டியபின் பிறேக்கைப் பிடித்தபடி கைபிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கவ்வியில் அசைவு தெரிந்தால் ஓடவேண்டாம். மூன்று சில்லில் ஓடும்போது வேகமாகத் திருப்பினால் கவிழும், வளைவுக்கு முன்பே நடைவேகத்துக்கு வாருங்கள். மணலில் சில்லு சும்மா சுழன்றால் உடம்பை முன்னுக்குச் சாயுங்கள், பிடிப்பு வரும்.

மாரியில் வெள்ளத்துக்குள் இரண்டையும் இறக்காதீர்கள். வயர் நுழையும் அச்சோரத்தால் தண்ணீர் மோட்டருக்குள் போகும். பின்மோட்டர் தாழ இருப்பதால் முதலில் நனையும். கரையோரத்தில் உப்புக்காற்று பிளக் முனைகளைப் பச்சையாக அரிக்கும். பற்றரியைக் கழற்றிவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயிலில் ஓடிவந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது, ஆறவிடுங்கள். லித்தியம் பற்றரியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதானால் பாதிச் சார்ஜில் வையுங்கள்.