எட்டு சார்ஜர் செய்த வேலையை ஒன்று செய்கிறது: 65 வாட் கேன் சார்ஜர், எட்டு மாத அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். தை முகூர்த்தத்துக்கு முன்னால் இந்தச் சார்ஜரை வாங்கினேன், இப்போது ஆவணி. இடையில் ஒரு முகூர்த்தத்தைக்கூட இது தவறவிட்டதில்லை. விலை 2,300 ரூபாய். இரண்டு சி போர்ட் (யுஎஸ்பி சி டைப் துளை), ஒரு ஏ போர்ட் (பழைய செவ்வக யுஎஸ்பி துளை). உள்ளே சிலிக்கானுக்குப் பதிலாக காலியம் நைட்ரைடு (சுருக்கமாக கேன், GaN) என்ற குறைக்கடத்தி போட்டிருப்பதால் 65 வாட் கொடுத்தும் உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

முன்பு என் பையில் இருந்ததைச் சொல்கிறேன். கேமரா பேட்டரிக்கு இரண்டு, லேப்டாப்புக்கு ஒன்று, காலர் மைக், எல்இடி லைட், ஜிம்பல் (கேமரா ஆடாமல் பிடிக்கும் கருவி), ட்ரோன் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, அப்புறம் எனக்கும் உதவிக்கு வரும் தம்பிக்கும் போன் சார்ஜர். மொத்தம் ஒன்பது. இத்தனைக்கும் எல்லாவற்றிலும் சி டைப் துளைதான். கூடவே வந்த சார்ஜரில்தான் போட வேண்டும் என்ற பயத்திலேயே மூன்று வருடம் எல்லாவற்றையும் சுமந்திருக்கிறேன். இப்போது கேமரா பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து ஏற்றுவதற்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்ற எட்டின் வேலையை இதுதான் பார்க்கிறது.

மண்டபத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அங்கே பிளக் பாயின்ட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று. மேடைக்குப் பின்னால் இருப்பதை சீரியல் செட் காரர் பிடித்துவிடுவார், மணமகள் அறையில் இருப்பது அலங்காரம் செய்பவருக்கு. நாங்கள் விடியற்காலை மூன்று மணிக்குப் போனால் சாப்பாட்டுக் கூடத்து ஓரத்தில் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றில் லேப்டாப்பும் லைட்டும் ஒரே நேரத்தில் ஏறுகின்றன என்றால் அது எனக்குப் பெரிய விஷயம். பெண் வீட்டுக்காரர்கள் யாராவது வந்து "அண்ணே, ஐபோன் சார்ஜர் இருக்கா?" என்று கேட்பது வாடிக்கை. முன்பெல்லாம் இல்லை என்பேன். 2023இல் வந்த 15ஆம் மாடலிலிருந்து ஐபோனும் சி டைப்புக்கு மாறிவிட்டதால் அதே கேபிளை நீட்டிவிடுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டதற்கு இந்த மாற்றத்தில் பெரிய பங்கு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புது போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாம் சி டைப்பில்தான் சார்ஜ் ஆக வேண்டும். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல். தூக்கிப் போடும் சார்ஜர்களும் பிரிக்காமலேயே கிடக்கும் சார்ஜர்களும் சேர்ந்து அங்கே வருடத்துக்கு சுமார் 11,000 டன் குப்பை ஆகிறது என்று அவர்கள் போட்ட கணக்கு அதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் நாட்டிலும் 2023 ஜனவரியில் இந்திய தர நிர்ணய அமைவனம் சி டைப்புக்கான தரநிலையை வெளியிட்டது.

ஆனால் துளை ஒரே மாதிரி இருந்துவிட்டால் போதாது என்பதை ஒரு வைகாசி இரவில் தெரிந்துகொண்டேன். சுவாமிமலைப் பக்கம் ஒரு கல்யாணம். எல்இடி லைட்டை இதில் சி-டு-சி கேபிளில் (இரு முனையும் சி டைப்) போட்டேன், ஏறவே இல்லை. கேபிளை மாற்றினேன், திருப்பிக் குத்தினேன், அசையவில்லை. சார்ஜர் போய்விட்டது என்று பதறி, போனைப் போட்டுப் பார்த்தால் அது உடனே ஏறுகிறது. கடைசியில் ஏ போர்ட்டில் பழைய கேபிளைச் செருகியதும் லைட்டின் சிவப்புப் புள்ளி மின்னியது. அப்போதுதான் மூச்சு வந்தது.

மறுநாள் செல்போன் ரிப்பேர் பார்க்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். லைட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் காட்டினார். சார்ஜ் ஏறும் பொருளின் சி போர்ட்டில் சிசி என்று இரண்டு பின் உண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகுதான் சார்ஜரின் சி போர்ட் கரன்ட்டைத் திறந்துவிடும். ஏ போர்ட் அப்படிப் பார்க்காது, எப்போதும் 5 வோல்ட் கொடுக்கும். என் லைட்டில் அந்த இரண்டு ரெசிஸ்டரும் இல்லை. எள்ளை விடச் சிறிய இரண்டு துண்டுகளை அவர் சாமணத்தில் எடுத்து வைத்து ஈயம் பற்றவைத்தார். அன்றிலிருந்து எந்தக் கேபிளிலும் ஏறுகிறது. சில பைசா பொருள். அதை விட்டுவிட்டு சி டைப் என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அதில் எனக்கு உண்மையிலேயே கோபம். இப்படி ஒரு பொருள் வாங்கியவர் இன்னொரு சார்ஜர் வாங்கத்தான் ஓடுவார்.

சார்ஜரிலும் குறை இருக்கிறது. ஒன்று செருகியிருக்கும்போது இன்னொன்றைச் செருகினால், எல்லாவற்றுக்கும் ஒரு நொடி கரன்ட்டை நிறுத்திவிட்டு மறுபடி பங்கு பிரிக்கிறது: லேப்டாப்புக்கு 45, மற்றதற்கு 20. போனுக்கு இதனால் ஒன்றும் இல்லை. ஆனால் நான் ஹப் (ஒரு துளையைப் பல துளையாக்கும் சிறு பெட்டி) வழியாக லேப்டாப்புக்குக் கரன்ட் கொடுத்து, அதே ஹப்பில் மெமரி கார்டை காப்பி செய்துகொண்டிருந்தபோது தம்பி தன் போனைச் செருகினான், கார்டு துண்டிக்கப்பட்டது. தாலி கட்டிய படங்கள் அதில்தான் இருந்தன. நல்ல வேளை, ஒன்றும் போகவில்லை. இப்போது காப்பி முடியும் வரை சார்ஜரை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் போட்டோ, வீடியோ வேலையில் இருந்தால் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, இது இரண்டு பின் சார்ஜர். மண்டபத்துத் தளர்ந்த சாக்கெட்டில் தன் கனத்திலேயே தொங்கி விழுகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் படுக்கவைத்தால்தான் நிற்கிறது. சூடு உண்டு, ஆனால் கை சுடும் அளவுக்கு இல்லை.

கேபிள் பற்றியும் ஒன்று. சாதாரண சி-டு-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட்தான் தாங்கும். முழு 65 வேண்டும் என்றால் உள்ளே சிப் வைத்த 5 ஆம்பியர் கேபிள் தேவை. இந்தப் பெட்டியிலேயே அப்படி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். கேபிள் ஏற்கெனவே இருப்பவர்களுக்குக் கேபிள் இல்லாமல் விலை குறைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. என்னிடமே மூன்று சும்மா கிடக்கின்றன.

பழைய எட்டில் நான்கை ஆள் தேடிக் கொடுத்துவிட்டேன், நான்கும் வேலை செய்கின்றன. மீதியைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. செம்புக்காக ஒயரை எரிக்கும் புகையை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை ஆல்பம் பிரிண்ட் போட திருச்சி போகும்போது, மின்னணுக் கழிவை முறையாக எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுப்பதற்காக அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். கார்டு துண்டிக்கப்பட்டதற்காக ஒன்றைக் குறைத்தேன்.