மீண்டும் டீசலா, பெட்ரோலிலேயே இருந்துவிடுவதா?

ஒன்பது ஆண்டுகள் பெட்ரோல் கார் ஓட்டிவிட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் மறுபடி டீசலுக்கு வந்தேன். பெட்ரோலுக்கு முன் என்னிடம் இருந்தது மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டீசல் கார். ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்பினால் போதும். எந்த ஆயிலை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினாலும், இருநூறு ஓட்டி நிறுத்தினாலும் அதற்கு ஒன்றுதான். அந்த நினைப்போடு புதிய டீசலை வாங்கிய எனக்கு, பழைய அனுபவத்தில் பாதி இதற்குப் பொருந்தாது என்பது முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்துவிட்டது.

வாங்கும்போது எதிரே இருந்தவை இரண்டு: ஒரே காரின் டர்போ பெட்ரோல், டர்போ டீசல். எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைலேஜ் டீசலில் அதிகம். குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவையும் டீசலுக்குத்தான். முழுப் பாரத்தோடு மேடு ஏறும்போது கியரைக் குறைக்க வேண்டியதே இல்லை. சத்தமும் அதிர்வும் பெட்ரோலில் குறைவு. வாங்கும் விலை அதில்தான் குறைவு. இந்தக் கணக்கை மட்டும் போட்டால், ஆண்டுக்கு நிறைய ஓடுகிறவருக்கு டீசல் என்று முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது எவ்வளவு ஓடுகிறோம் என்பதைவிட, எப்படி ஓடுகிறோம் என்பதுதான். காரணம், சைலன்சர் பாதையில் உட்கார்ந்திருக்கும் புகைக்கரி வடிகட்டி. டிபிஎஃப் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான்.

தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது. அதன் நுண்குழாய்கள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவர்களின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தீரும். நகரத்துக்குள் அந்தச் சூடு வராது. அதனால் கரி ஓரளவு சேர்ந்ததும் கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டியைச் சுமார் 600 டிகிரிக்குக் கொண்டுபோய் எரிக்கப் பார்க்கும். இதற்குப் பதினைந்து இருபது நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவில் எஞ்சினை நிறுத்திவிட்டால் வேலை பாதியில் நின்றுபோகும்.

பல கார்களில் இதற்கு விளக்கு எதுவும் எரியாது. என் காரில் நான் கண்டுகொண்ட அடையாளங்கள் நான்கு. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் 800-இல் இருக்க வேண்டிய முள் 1000-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். மைலேஜ் காட்டும் எண் காரணமில்லாமல் சரியும். வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகும் ரேடியேட்டர் விசிறி பலத்த இரைச்சலோடு சுற்றும். அடியிலிருந்து காய்ந்த இரும்பு வாடை வரும். முதல் முறை பழுது என்று பயந்துவிட்டேன். இப்போது முள் மேலே நின்றால் வீட்டுக்குத் திரும்பாமல் இன்னொரு கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன்.

அப்படிப் பாதியில் நின்றுபோவது ஒருமுறை இருமுறை என்றால் பரவாயில்லை. வழக்கமாகிவிட்டால் கரி கூடிக்கொண்டே போகும். எச்சரிக்கை விளக்கு, வேகம் குறைந்த அவசர நிலை, பட்டறையில் கருவி வைத்துக் கட்டாயமாக எரிப்பது, கடைசியில் வடிகட்டியையே மாற்றுவது என்று போகும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. எரிப்பதற்காக எஞ்சினுக்குள்ளேயே கூடுதலாகத் தெளிக்கும் கார்களில், அந்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்துவிடும். வாங்கிய ஐந்தாவது மாதம், ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதானே பழக்கம்? மேல் கோட்டையும் தாண்டி அரை விரல் உயரம் ஏறியிருந்தது. விரலில் தடவிப் பார்த்தேன். தண்ணீர்போல் ஓடியது, டீசல் வாடை தெளிவாக வந்தது. அந்த மாதங்களில் பெரும்பாலும் பள்ளிக்கூடம், கடை, வீடு என்று நான்கைந்து கிலோமீட்டர் ஓட்டங்கள்தான். ஆயில் கறுத்துப்போவது டீசலில் இயல்பு. அளவு கூடுவது இயல்பல்ல. அன்றே ஆயிலை மாற்றினேன். இப்போது கையேடு சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றிவிடுகிறேன்.

எந்த ஆயில் என்பதும் முக்கியம். எல்லா எஞ்சின் ஆயிலிலும் எரிந்தால் சாம்பலாகும் சேர்மானங்கள் உண்டு. கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது; வடிகட்டிக்குள் அப்படியே படிந்துவிடும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் ஏசிஇஏ என்ற ஐரோப்பியத் தரக்குறியோடு சி2, சி3 என்று இருக்கும். கையேட்டில் எது சொல்லியிருக்கிறதோ அதுதான். ஒரு சர்வீஸ் நிலையத்தில் ‘எல்லா டீசலுக்கும் இதைத்தான் ஊற்றுகிறோம்’ என்று பழைய வகை ஆயிலை எடுத்தார்கள். டப்பாவைத் திருப்பிப் பார்க்காமல் விட்டிருந்தால் உள்ளே போயிருக்கும். அதிலிருந்து ஆயிலை நானே வாங்கிக்கொண்டு போகிறேன்.

இந்த இடத்தில் பெட்ரோலின் பக்கம் நியாயம் இருக்கிறது. நேரடியாகத் தெளிக்கும் புதிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றிலும் இப்போது வடிகட்டி உண்டு. ஆனால் பெட்ரோல் புகையில் சூடு எப்போதுமே அதிகம். கரி எரிய ஆக்சிஜன்தான் குறைவு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதெல்லாம் வெறும் காற்று உள்ளே போய் அந்தக் குறையையும் தீர்த்துவிடும். டீசலில் ஆக்சிஜன் தாராளம், சூடுதான் பற்றாக்குறை. ஓட்டுகிறவர் எதையும் யோசிக்காமல் ஓட்டலாம் என்பதில் பெட்ரோல் தெளிவாக ஜெயிக்கிறது. காற்று உள்ளே போகும் இன்டேக் வால்வில் கரி படிவது அந்த எஞ்சின்களின் தலைவலி. டீசலில் அதே இடத்தை, புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் அமைப்பின் கரி பிடித்துக்கொள்கிறது. அதில் இரண்டும் சமம்.

புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கத் தனித் தொட்டியில் ஊற்றும் ஆட்புளூ என்ற திரவம் பலரைப் பயமுறுத்துகிறது. என் பார்வையில் இது சின்ன வேலை. 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். என் காரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் செலவாகிறது. சிந்தினால் வெள்ளை உப்பாகப் பூக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். இரண்டை மட்டும் மறக்கக் கூடாது. தீர்ந்த நிலையில் நிறுத்தினால் கார் மறுபடி கிளம்பாது. தவறியும் அதை டீசல் தொட்டியில் ஊற்றிவிடக் கூடாது. ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் இழுவை வண்டியைத்தான் அழைக்க வேண்டும்.

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் தரும் காமன் ரெயில் வந்தபோது அழுத்தம் 1350 பார். இன்று 2000-ஐத் தாண்டிவிட்டது. கார் டயரில் இருப்பதுபோல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அந்த அழுத்தத்தில் துளி தண்ணீரும் கெடுதல். டீசல் ஃபில்டரைத் தவணை தவறாமல் மாற்றுகிறேன். தொட்டியைக் காலியாகவும் விடுவதில்லை, ஏனென்றால் பம்புக்கு மசகே அந்த டீசல்தான்.

ஹைபிரிட் பற்றிக் கேட்பார்கள். உறவினருடையதை இரண்டு வாரம் ஓட்டியிருக்கிறேன். நகரத்துக்குள் அது டீசலைவிட எல்லா வகையிலும் பொருத்தமாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் வைத்துப் பராமரித்த அனுபவம் இல்லாததால் அதற்கு மேல் சொல்வது சரியாகாது.

எனக்கு இப்போது வாரத்தில் மூன்று நாள் நெடுஞ்சாலையில் போக எழுபது, வர எழுபது கிலோமீட்டர். இந்த ஓட்டம் வந்த பிறகு ஆயில் அளவு ஏறவே இல்லை. மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னாலும் டீசலைத்தான் எடுப்பேன். அந்த ஐந்து மாத ஓட்டமே தொடர்ந்திருந்தால் விற்றுவிட்டுப் பெட்ரோலுக்குத் திரும்பியிருப்பேன்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் இதே கணக்குதான். தெருவுக்குள்ளேயே முப்பதாயிரம் ஓடிய டீசலைவிட, நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடியதை நான் முதலில் பார்ப்பேன். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவிய பிறகு, பின்னால் போய் சைலன்சர் குழாயின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வடிகட்டி நன்றாக இருக்கும் காரில் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். மை பூசியதுபோல் வந்தால் வடிகட்டி விரிசல் விட்டிருக்கலாம், அல்லது உள்ளே இருப்பதை யாரோ இடித்து எடுத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டியிருக்கலாம்.