சிட்டும் பாண்டியும் கேரவனும்: செம்மண் நாட்டுப் பயணத்தில் எங்களுக்குப் பிடிபட்டவை

ஆஸ்திரேலியாவின் தெற்கே அடிலெய்டில் இருக்கிறோம். மே மாதம் பிறந்தால் கேரவனை இழுத்துக்கொண்டு வடக்கே கிளம்பிவிடுவது சில ஆண்டுகளாக எங்கள் வழக்கம். நான், கணவர், எங்கள் இரண்டு நாய்கள்: கெல்பி கலப்பான சிட்டு, வயதாகிவிட்ட லாப்ரடார் பாண்டி. போர்ட் அகஸ்டாவில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 1,200 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடுவில் கூபர் பெடியை விட்டால் ஊர் என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக இல்லை. பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோடு ஹவுஸ்கள்தான். கேரவன் வாங்கிய புதிதில் இதை எழுதியிருந்தால் படுக்கையும் சமையல் அடுப்பும் எப்படி என்று எழுதியிருப்பேன். இத்தனை மண் ரோட்டுக்கு அப்புறம் சொல்ல வேண்டியது வேறு: நாயோடு போவதாக இருந்தால், வண்டியும் வழியும் அன்றாட நேரக் கணக்கும் நாய்க்கு ஒத்துவர வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

எங்களுடையது 18 அடி கேரவன். கடையில் பார்க்கும்போது யாரும் கவனிக்காத மூன்று விஷயங்கள் இப்போது எனக்கு முக்கியம். முதலாவது, வாசல் படியின் உயரம். மண் ரோட்டுக்காகத் தூக்கிக் கட்டிய கேரவனில் அது நன்றாகவே உயரம். இடுப்பு வலுவிழந்த பாண்டியால் ஏற முடியாது. மடக்கும் சாய்வுப் பலகை ஒன்று எப்போதும் வாசலருகே இருக்கிறது. இரண்டாவது, நடுவில் தரை எவ்வளவு காலியாக இருக்கிறது என்பது. இரண்டு பெரிய நாய்கள் படுத்தால் அடுப்பங்கரைக்குப் போக அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது, தூசி. எங்கள் வண்டியின் கதவு ரப்பர் முதல் கரடு ரோட்டிலேயே விட்டுக்கொடுத்தது. உள்ளே திறந்தால் மெத்தை, தட்டு, நாயின் தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் ஒரே செம்மண் நிறம். தயாரித்த நிறுவனம் அதைக் கண்டுகொள்ளவில்லை. நாங்களே நல்ல ரப்பர் வாங்கி ஒட்டினோம், இன்றுவரை நிற்கிறது.

ஓடும் கேரவனுக்குள் நாயை விடவே கூடாது. ஏசி கிடையாது, தூசி நிரம்பும், அலை அலையாக மேடு விழுந்த ரோட்டில் உள்ளே எல்லாம் குதிக்கும். நாய்கள் எங்களோடு காரின் பின் இருக்கையில், பெல்ட் மாட்டிய வாரோடுதான் வரும்.

சரி, இந்தப் பகுதியில் நாயின் உயிருக்கு முதல் ஆபத்து எது என்று கேட்டால் பலரும் பாம்பு என்பார்கள். நான் விஷ இரையைத்தான் சொல்வேன். டென்-எய்ட்டி என்று இங்கே சொல்லும் 1080 விஷத்தைக் காட்டு நாய்க்கும் நரிக்கும் இறைச்சித் துண்டில் வைத்துப் போடுகிறார்கள். தெற்கே செம்மறி ஆட்டுப் பண்ணைகளைக் காக்க மூன்று மாநிலங்கள் வழியாக 5,600 கிலோமீட்டர் நீளத்துக்கு, டிங்கோ என்னும் காட்டு நாயைத் தடுக்க வேலியே கட்டி வைத்திருக்கும் நாடு இது. கூபர் பெடி பக்கம் போனால் அந்த வேலியைப் பார்க்கலாம். பண்ணைக்காரர்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இறைச்சிக்குக் காட்டு நாயும் ஒன்றுதான், வீட்டு நாயும் ஒன்றுதான். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. தின்ற அரை மணியிலும் அறிகுறி வரலாம், பல மணி நேரம் கழித்தும் வரலாம். வெறி பிடித்தது போல் ஓடும், வலிப்பு வரும். வறண்ட நிலத்தில் இரை வாரக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும். விஷம் தின்று செத்த விலங்கைக் கடித்தாலும் ஆபத்துதான்.

அதனால் எங்கள் இரண்டு நாய்களுக்கும் வாய்க்கூடை உண்டு. கேரவனை விட்டு இறங்கி நடக்கப் போனால் கூடை மாட்டித்தான் போகும். கம்பிக் கூடை வகை நல்லது. மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஆனால் முன்பக்க இடைவெளி வழியாக நாக்கை நீட்டிச் சின்னத் துண்டை இழுத்துவிடும். அங்கே நாங்கள் வலை வைத்துத் தைத்திருக்கிறோம். கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே வீட்டில் கூடைக்குள் கோழித் துண்டு வைத்துப் பழக்கிவிடுவோம். இப்போது கூடையை எடுத்தாலே நடக்கப் போகிறோம் என்று சிட்டு தானாக மூக்கை நுழைக்கிறது. பண்ணை வாசலில் விஷ எச்சரிக்கைப் பலகை இருக்கும், ஆனால் அது இல்லாத இடம் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. தின்றுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும், வாந்தி எடுக்க வைக்க என்ன கையில் வைத்திருக்கலாம் என்று கிளம்பும் முன் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும், போன் சிக்னலும் இருக்காது.

அடுத்தது முள்ளும் புல் விதையும். நம்மூர் நெருஞ்சி இங்கேயும் உண்டு, ரோடு ஹவுஸ் வாசலில் நன்றாகவே படர்ந்திருக்கும். நெருஞ்சி குத்தினால் நாய் காலைத் தூக்கிக் காட்டிவிடும். புல் விதை அப்படி இல்லை. ஊசி முனையோடு விரலிடுக்கில் நுழையும். அதன் மயிர்கள் பின்நோக்கி இருப்பதால் முன்னால் மட்டுமே போகும், வெளியே வராது. காதுக்குள் போனால் இன்னும் மோசம். தினம் சாயங்காலம் கேரவன் படியில் உட்கார்ந்து தலையில் டார்ச் கட்டிக்கொண்டு ஒவ்வொரு விரலாக விரித்துப் பார்ப்பேன். ஒருமுறை சிட்டின் முன்காலில் அரிசி அளவுக்குச் சிவந்த புடைப்பு. இடுக்கியால் மெல்ல இழுத்தபோது கட்டைவிரல் நகம் நீளத்துக்கு விதை வந்தது. காலையில் அது நொண்டக்கூட இல்லை. பாத மயிரை ஒட்டக் கத்தரித்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலை மிச்சம்.

உண்ணிக் காய்ச்சலை ஊரில் நாய் வளர்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். அதை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி ஆஸ்திரேலிய நாய்களிடம் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 2020இல், மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில். அப்புறம் வடக்குப் பிரதேசத்திலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் வட பகுதியிலும் பரவிவிட்டது. எனவே உண்ணிக்கான கழுத்துப் பட்டையோ மாத்திரையோ இல்லாமல் வடக்கே போக வேண்டாம்.

இடங்களைப் பற்றி மனதைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். தேசியப் பூங்காக்களில் பெரும்பாலும் நாய்க்கு அனுமதி இல்லை. உலுரு-கட்டா ஜூட்டா பூங்காவில் காருக்குள் உட்கார வைத்தும் கொண்டுபோக முடியாது. நாங்கள் ஒருவர் நாய்களோடு இருக்க, மற்றவர் போய் வந்தோம். உலுரு என்னும் பெரிய செம்பாறையைச் சுற்றி வரும் 10.6 கிலோமீட்டர் பாதையை நான் விடியற்காலையில் தனியாக நடந்தேன், கணவர் மறுநாள் நடந்தார். சேர்ந்து பார்க்க முடியவில்லை என்ற குறை எனக்கு உண்டு, மறைக்கவில்லை. அதற்கு ஈடாகக் கிடைப்பது ஊட்னடாட்டா பாதை மாதிரியான வழிகள். மாரீயிலிருந்து மார்லா வரை 600 கிலோமீட்டருக்கு மேல் மண் ரோடு, பழைய கான் ரயில் பாதையின் இடிந்த நிலையங்கள், வில்லியம் கிரீக்கைச் சுற்றி உலகின் மிகப் பெரிய மாட்டுப் பண்ணையான அன்னா கிரீக். சாலையோரத்தில் நாயோடு தங்க இடமுண்டு. ஒரு மழை பெய்தால் ரோட்டை மூடிவிடுவார்கள். கூடுதலாக நாலைந்து நாளுக்கு நாய்த் தீனி எப்போதும் இருக்கட்டும்.

தண்ணீர் கணக்கை நாயிலிருந்து தொடங்குங்கள். சாதாரண நாளில் ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி, வெயிலில் இரட்டிப்பு. கூபர் பெடியில் காசு போட்டால் வரும் குழாயில் தொட்டியை நிரப்பிக்கொள்வோம். ஜூலையில் பகல் இதமாக இருக்கும், ஆனால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். பாண்டிக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கிறது. மார்ச்சிலோ அக்டோபரிலோ வெயிலில் போகிறவர்கள், ஏசி ஓட்ட மின் இணைப்புள்ள இடத்தில்தான் தங்க வேண்டும். பேட்டரியில் ஏசி ஓட்டி நாயை உள்ளே விட்டுவிட்டுப் போகலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கள் 300 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும்; நடுவில் அது நின்றுவிட்டால் அந்தப் பெட்டிக்குள் நாயின் கதி என்ன?

ரோட்டைப் பற்றிச் சுருக்கமாக: பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் 53.5 மீட்டர் லாரியான ரோடு ட்ரெயின் எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து இடது ஓரம் பிடியுங்கள், லாரிக்காரர்களோடு பேச உதவும் இருவழி ரேடியோ 40ஆம் சானலில் இருக்கட்டும். அந்தி நேரத்தில் ஓட்டாதீர்கள், கங்காரு. செத்த கங்காருவின் மேல் கழுகு உட்கார்ந்திருந்தால் அது எழும்பப் பொழுது பிடிக்கும். தூரத்திலேயே வேகம் குறையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாயை இறக்குவதால் எங்கள் ஒரு நாள் 400 கிலோமீட்டரைத் தாண்டாது. அது நல்லதாகவே இருக்கிறது, ஓட்டுபவருக்கும்.

இந்த வண்டியை விற்றுவிட்டு வேறு வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி எதிலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் அடுத்ததில் படி தாழ்வாக இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி இன்னும் ஒன்று வேண்டும், வெளியே நாயின் காலைக் கழுவ ஒரு குழாய் வேண்டும். இந்த மூன்றும் உள்ள வண்டி கிடைக்கும்வரை இதுவேதான்.