அல்ப்ஸ் ஏறப் போகும் குழுவுக்கு அல்பென்வெரைன் காப்புறுதி போதுமா?

சுவிஸ் வீசாவுக்கென்று யாழ். நகரில் விற்கப்படும் பயணக் காப்புறுதி, வீசாவுக்குக் கேட்கப்படுவதைச் சரியாகத் தருகிறது: குறைந்தது 30,000 யூரோ, ஷெங்கன் நாடுகள் முழுவதிலும் செல்லுபடி, அவசர சிகிச்சை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு. பேர்னிலும் சூரிச்சிலும் இருக்கிற சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு வருபவருக்கு அது போதும். சுவிசின் செர்மாட் ஊருக்கு மேலே பனி மூடி நிற்கும் பிறைட்ஹோர்ன் மலை (4,164 மீற்றர்) ஏறுபவருக்குப் போதாது. கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்துக்குப் பணம் தரப்படாது என்று விலக்குகள் பகுதியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பனியாற்றில் கயிறு இல்லாமல் நடந்தால் பனிப்பிளவுக்குள் விழுந்தவரைப் பிடிக்க எதுவும் இல்லை. ஆகவே கயிறைக் குறைக்க முடியாது, காப்புறுதியைத்தான் மாற்ற வேண்டும்.

அதற்குப் பலரும் எடுப்பது ஒஸ்ரிய மலையேற்றச் சங்கமான அல்பென்வெரைனின் அங்கத்துவம். மீட்புச் செலவுக்கு 25,000 யூரோ வரை தருகிறது. ஹெலிகொப்டர் அதற்குள் அடங்கும். ஊருக்குக் கொண்டுவரும் செலவுக்கு எல்லை இல்லை. ஆனால் அவர்களுடைய 24 மணிநேர அவசர நிலையத்துக்கு முதலில் அறிவித்து, அவர்கள் மூலமாகவே ஒழுங்கு செய்ய வேண்டும். உறவினர் பதறிப்போய்த் தாங்களாகவே விமானச் சீட்டு எடுத்தால் ஒரு சிறு தொகைக்கு மேல் திரும்பி வராது. பணம் கட்டிய மறுநாளிலிருந்துதான் காப்பு தொடங்கும் என்பதால் மலையடிவாரத்தில் நின்று கட்டுவது பிந்திய வேலை. இலங்கை முகவரியுடன் சேருபவர், காப்பு தனக்கு முழுமையாகப் பொருந்துமா என்று சங்கத்திடம் எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலை வைத்திருக்க வேண்டும்.

அதன் பலவீனம் ஆஸ்பத்திரிச் செலவு. வெளிநாட்டுச் சிகிச்சைக்கு 10,000 யூரோதான். சுவிசில் ஒரு தொடை எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்கும் சில நாள் தங்கலுக்கும் அது போதும் என்று நம்பிப் போகக்கூடாது. வீசாக் காப்புறுதியின் 30,000 யூரோ மலையில் நடந்த விபத்துக்கு விலக்கு. அங்கத்துவம் மீட்டுக் கீழே இறக்கிவிடும். வார்ட்டுக் கட்டணம் இரண்டுக்கும் நடுவே விழும். அந்த இடைவெளியை மலையேற்றத்தைப் பெயர் சொல்லி ஏற்கும் முழுப் பயணக் காப்புறுதியால்தான் மூடலாம். வாங்கும்போது உயர எல்லை, பனியாறு, கயிறு ஆகிய மூன்றையும் வரியாக வாசியுங்கள். 3,000 மீற்றரோடு நிற்கும் பத்திரம் பிறைட்ஹோர்னுக்கு உதவாது. அந்த ஏற்றம் வழக்கமாகத் தொடங்கும் கிளைன் மட்டர்ஹோர்ன் கேபிள் கார் நிலையமே 3,883 மீற்றரில் இருக்கிறது! கடல் மட்டத்திலிருந்து போகிற எங்கள் ஆட்களுக்கு அந்த உயரமே தலையிடியும் சத்தியும் தரக்கூடியது. இரண்டு மூன்று இரவாவது இடை உயரத்தில் தங்கிவிட்டு ஏறுவது நல்லது.

குழுவுக்கென்று ஒரே பத்திரம் தேடுவதும் வீண். சுவிசில் வாரம் 8 மணிநேரமோ அதற்கு மேலோ சம்பளத்துக்கு வேலை செய்யும் மச்சானுக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் கட்டாய விபத்துக் காப்புறுதி உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் தம்பிக்கு இல்லை. ஆளுக்காள் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சுவிஸ் வான்வழி மீட்புச் சேவையான ரேகாவின் ஆதரவாளர் சந்தாவைக் காப்புறுதி என்று நினைப்பவர் பலர். ரேகா செலவைத் தள்ளுபடி செய்யலாம், ஆனால் அதை உரிமையாகக் கேட்க முடியாது. செர்மாட் பகுதியில் மீட்புக்குப் பெரும்பாலும் பறப்பதும் ரேகா அல்ல, எயார் செர்மாட் என்ற வேறு ஹெலிகொப்டர் நிறுவனம்தான்.

வீசா விண்ணப்பம் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து ஏற்கப்படும்; 15 நாளுக்குக் குறையக்கூடாது. மலைக்குடில் முற்பணமும் வழிகாட்டியின் முற்பணமும் வீசா கிடைக்காவிட்டால் திரும்புமா என்பதைக் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். 

ஒவ்வொருவரின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பத்திர இலக்கம், காப்புறுதியின் அவசர இலக்கம் எல்லாம் ஒரே தாளில் எழுதி, ஒரு பிரதி ஏறுபவரின் பையிலும் இன்னொன்று கீழே நிற்பவரிடமும் இருக்கட்டும். அதே தாளில் மீட்புக்கு அழைக்கும் இலக்கங்களும் இருக்கட்டும்: செர்மாட் இருக்கும் வலே மாநிலத்துக்கு 144, சுவிசின் மற்ற இடங்களுக்கு 1414, ஒஸ்ரியாவுக்கு 140, எங்கும் 112. தொலைபேசி எடுபடாத இடத்தில் உதவி கேட்க நிமிடத்துக்கு ஆறு முறை ஒளியோ விசிலோ, பிறகு ஒரு நிமிட இடைவெளி, மறுபடியும் ஆறு. பதில் நிமிடத்துக்கு மூன்றாக வரும்.