ஏஎஸ்ஐ: ஒரு பனியன் கம்பெனி கணக்கரின் பார்வையில்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் வருடாந்திரத் தொழில் ஆய்வுப் படிவம், அதாவது ஏஎஸ்ஐ, வந்ததுமே ‘இது எந்த வரிக்கும்மா?’ என்றுதான் முதலாளிகள் கேட்கிறார்கள். வரிக்கு இல்லை. 2008ஆம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி கேட்கிறார்கள். கம்பெனியின் பெயர் தெரியும்படி எதுவும் வெளியாகாது. ஆனால் படிவத்தை அனுப்பியதோடு நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். அதிலிருந்து வரும் அறிக்கையை யாரும் திறப்பதில்லை. அதுதான் என் ஆதங்கம்.

படிவம் நன்றாக யோசித்துச் செய்தது. ஆடிட் முடிந்த பேலன்ஸ் ஷீட் கையில் இருந்தால் சொத்து, கடன் பகுதிகள் சீக்கிரம் முடிந்துவிடும். ஆட்கள் பற்றிய பகுதியில் நேரடியாக வேலைக்கு எடுத்த ஆண்கள், பெண்கள், காண்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள் என்று தனித்தனி இடம் உண்டு. நம் ஊரின் உழைப்பு யார் கையில் இருக்கிறது என்பதை அரசு எழுதி வைக்கிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. மூலப்பொருள், உற்பத்திப் பகுதிகள்தான் நேரம் பிடிக்கும்: குறியீடு, அளவு, மதிப்பு மூன்றும் வேண்டும். ‘ஆக்சஸரீஸ்’ என்று ஒரே தலைப்பில் எழுதியிருந்தால் பழைய பில்களைத் தேடித்தான் பிரிக்க வேண்டும்.

இந்த ஆய்வின் உயிர் மதிப்புக் கூட்டல் கணக்கில் இருக்கிறது. நூல் விலை துணி விலையில் இருக்கும், துணி விலை டி-ஷர்ட் விலையில் இருக்கும். எல்லோருடைய விற்பனையையும் கூட்டினால் ஒரே நூலை மூன்று முறை எண்ணிவிடுவோம். அதனால் உற்பத்தி மதிப்பிலிருந்து உள்ளீட்டைக் கழிக்கிறார்கள். மீதிதான் மதிப்புக் கூட்டல். சாயம் போட வெளியே கொடுத்த வேலைக்கான ஜாப் ஒர்க் கூலி நமக்குச் செலவு, சாய ஆலைக்கு வருமானம். இரண்டுக்கும் படிவத்தில் இடம் இருக்கிறது. ஜாப் ஒர்க்கில் ஓடும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு இல்லை.

குறை எங்கே? மின்சாரம் இருந்தால் 10 பேர், இல்லையென்றால் 20 பேர் என்ற 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்ட வரம்புதான் 2023-24 ஆய்வில் ஏஎஸ்ஐயின் வாசலாக இருந்தது. பெரிய ஆலைகளை முழுமையாகவும் மற்றவற்றை மாதிரி எடுத்தும் பார்க்கிறார்கள். நான்கு பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டு வீட்டோடு தைக்கும் குடும்பம் இதில் வராது. அதற்கு, கம்பெனியாகப் பதிவு செய்யாத சிறு தொழில், கடைகளுக்கான ஏஎஸ்யுஎஸ்இ என்ற வேறொரு ஆய்வு. 2023-24இல் நாடு முழுக்க 7.34 கோடி நிறுவனங்கள், 12.06 கோடி உழைப்பாளிகள் என்று அது மதிப்பிட்டது. ஆக ஒரே டி-ஷர்ட்டின் கதை இரண்டு அறிக்கைகளில் கிடக்கிறது. போதாததற்குச் சாய ஆலை தொழில் வகைப்பாட்டில் 13ஆம் பிரிவு, தையல் 14. திருப்பூரைத் தெரிந்துகொள்ள இரண்டு அறிக்கைகளிலும் இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தாமதமும் உண்டு. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டின் முடிவுகள் 2025 ஆகஸ்டில்தான் வந்தன. பருத்தி நூல் விலை ஆடும் ஆட்டத்துக்கு இது ரொம்பத் தள்ளி.

இருந்தும் ஏஎஸ்ஐ அறிக்கையை நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன். அமைச்சகத்தின் இ-சாங்கியிகி இணையதளத்தில் காசு இல்லாமல் பார்க்கலாம். 2023-24 அறிக்கைப்படி, நாட்டின் ஆலைத் தொழிலில் வேலை செய்பவர்களில் சுமார் 15 சதவீதம் பேரோடு தமிழ்நாடு முதலிடம். மதிப்புக் கூட்டலிலோ மகாராஷ்டிரா முதலிடம், நாம் குஜராத்துக்கும் பின்னால். ஆள் அதிகம், ஆள் ஒருவருக்கு வரும் மதிப்புக் கூட்டல் குறைவு. ஆடைத் தொழில் இங்கே இவ்வளவு இருப்பதும் ஒரு காரணம். உங்கள் கம்பெனியிலும் மதிப்புக் கூட்டலில் சம்பளம் எத்தனை பங்கு என்று போட்டு, மாநில ஆடைத் தொழில் சராசரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கூலிப் பேச்சுவார்த்தைக்கு முன் முதலாளியும் தொழிற்சங்கமும் பார்க்க வேண்டிய எண் அது.

அமைச்சகத்திடம் ஒன்று கேட்கிறேன். அறிக்கையின் அட்டவணைகள் மாநிலத்தோடு நின்றுவிடுகின்றன. யாருடைய அடையாளமும் தெரியாதபடி மாவட்ட வாரியாகவும் கொடுங்கள்.