வீட்டிலேயே கலக்கும் வைட்டமின் சி சீரம்: பினாங்கு வெயிலில் என் அனுபவம்

வீட்டில் கலந்த வைட்டமின் சி சீரம் என்றாலே எல்லோரும் விலையைத்தான் முதலில் பேசுகிறார்கள். மலிவு என்பது உண்மைதான். ஆனால் நான் இதைத் தொடர்ந்து கலந்து பூசி வருவதற்குக் காரணம் விலை இல்லை. வைட்டமின் சி சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள். இன்று முகத்தில் பூசுவது எப்போது கலந்தது, எங்கே இருந்தது, எத்தனை நாள் வெயில் பட்டது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கையால் கலந்தால்தான் அது தெரியும். வாராவாரம் புதிதாகக் கலக்கப் பொறுமை இல்லாதவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2020 மார்ச்சில் கோவிட் தொற்றுக்காக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகுதான் இதில் இறங்கினேன். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை எனக்கு. நாள் முழுக்க முகக்கவசம் போட்டதில் தாடை ஓரமெல்லாம் பரு. பரு போனாலும் அதன் கரும்புள்ளி போகவில்லை. ஒரு ஃபார்மசியில் நல்ல விலை கொடுத்து வைட்டமின் சி சீரம் வாங்கினேன். திறந்து பார்த்தால் தேநீர் நிறம். காலாவதித் தேதிக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. எந்தக் கிடங்கில், எந்த லாரியில் வெந்ததோ! அன்றைக்குத்தான், இதை நாமே கலந்தால் என்ன என்று தோன்றியது. எடை போடுவது, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) பார்ப்பது எல்லாம் வேலையில் தினமும் செய்வதுதானே.

இதில் வேலை செய்யும் பொருள் எல்-அஸ்கார்பிக் அமிலம்; வைட்டமின் சியின் வேதிப்பெயர்தான் அது. தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக உடம்புக்கு இது வேண்டும். தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் டைரோசினேஸ் என்ற நொதியையும் இது மட்டுப்படுத்துகிறது. வெயிலால் தோலுக்குள் கிளம்பும் சேதத்தில் ஒரு பகுதியையும் தாங்கிக்கொள்கிறது. இதெல்லாம் நடக்க அது தோலுக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் பின்னெல் குழு 2001-இல் பன்றித் தோலில் செய்து பார்த்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பிஎச் 3.5-க்குக் கீழே இருந்தால்தான் நன்றாக உள்ளே போகிறது. 20 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி கூட்டினால் கூடுதலாக எதுவும் போவதில்லை. தொடர்ந்து மூன்று நாள் பூசினால் தோல் நிரம்பிவிடுகிறது. அப்புறம் அது பாதியாகக் குறைய சுமார் நான்கு நாள் ஆகிறது. அதனால் ஒரு நாள் பூச மறந்தால் பதற வேண்டியதில்லை. மறுநாள் இரண்டு மடங்கு பூசுவதிலும் பயன் இல்லை.

ஒரு தடவைக்கு என் அளவு 20 கிராம் சீரம், அதில் 10 சதவீதம் வைட்டமின் சி. அதற்கு மேல் ஒரே நேரத்தில் கலப்பதில்லை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். அது இல்லாமல் இந்த வேலையே கூடாது. கரண்டி அளவை நம்பக் கூடாது. பொடி நைசாக இருந்தால் ஒரு கரண்டியில் ஒரு எடை, பரல்பரலாக இருந்தால் வேறு எடை. சோப்பு, லோஷன் செய்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் கடையில் எல்-அஸ்கார்பிக் அமிலத்தை அழகுசாதனத் தரப் பொடியாகக் கேட்டு வாங்குகிறேன். 2 கிராம் பொடி, அரை கிராம் கிளிசரின், மீதி தண்ணீர். பொடி கரைந்த பிறகு சமையல் சோடா உப்பு (பேக்கிங் சோடா) பத்தில் ஒரு கிராம் போடுவேன். நுரைக்கும். நுரை அடங்கிய பிறகு பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் மூன்றுக்குச் சற்று மேலே காட்டும். சோடா உப்பு போடாமல் விட்டால் இரண்டை ஒட்டி நிற்கும், முகம் எரியும். கை தவறி அதிகம் போட்டால் 3.5-ஐத் தாண்டிவிடும், பிறகு பூசிப் பலன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சிறு அளவில்தான் சீரத்தின் பாதிக் காரியம் இருக்கிறது. பலரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் நூலளவு செம்போ இரும்போ இருந்தாலும் வைட்டமின் சி வேகமாக ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும். மினரல் வாட்டரும் வேண்டாம். நம் நாட்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இயற்கைக் கனிமத் தண்ணீரா, சுத்திகரித்த குடிதண்ணீரா என்று போத்தலிலேயே எழுதியிருக்கும். குடிதண்ணீர்ப் போத்தலில் காய்ச்சி வடித்தது என்றோ ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் என்றோ எழுதியிருப்பதைப் பார்த்து எடுங்கள். கார் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் முகத்துக்கு ஆகாது.

கிளிசரின் அளவை நானாகக் குறைத்துக்கொண்டேன். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய செய்முறைகளில் 10 சதவீதம் வரை இருக்கும். அதைப் பினாங்கில் பூசிக்கொண்டு காலையில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பாருங்கள், ரோட்டுத் தூசி முழுக்க முகத்தில் ஒட்டிவிடும். இந்த ஊர்க் காற்றிலேயே போதுமான ஈரம் இருக்கிறது. கிளிசரினைக் குறைத்த பிறகுதான் சன்ஸ்கிரீன் திரி திரியாக உருளாமல் மேலே ஒழுங்காக உட்கார்ந்தது.

கலந்ததைப் பழுப்பு நிறக் கண்ணாடிப் போத்தலில், கழுத்து வரை நிரப்பி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். நிரப்புவது முக்கியம். உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கெடும். இந்தச் சூட்டில் மேசை மேல் வைத்தால் சில நாளிலேயே மஞ்சள் தட்டும். பெட்டிக்குள் ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஒவ்வொரு காலையும் வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கிறேன். தண்ணீர் மாதிரி இருந்தால் பூசலாம். லேசான வைக்கோல் நிறம் வந்தால் கழுத்துக்கும் புறங்கைக்கும் போய்விடும். அதற்கு மேல் போனால் கொட்டிவிடுவேன். தயங்குவதில்லை. இதில் பாதுகாப்புப் பொருள் எதுவும் சேர்க்கவில்லை; அமிலம் பல பாக்டீரியாக்களைத் தடுத்தாலும் பூஞ்சையை நம்ப முடியாது. ஒரு வாரக் கணக்கு அதற்காகவும்தான்.

மங்கிய சீரத்தைப் பூசினால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்பதுண்டு. அஸ்கார்பிக் அமிலம் உடைந்துகொண்டே போகும்போது எரித்ருலோஸ் என்ற சர்க்கரையும் உண்டாகிறது. வெயிலே படாமல் தோலைப் பழுப்பாக்கும் பூச்சுகளில் இதையும் போடுகிறார்கள். முகம் கருமை தட்டிவிட்டது, வைட்டமின் சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். விரல் நகத்தின் ஓரமும் தலையணை உறையும் மஞ்சளாகின்றனவா என்று பாருங்கள். பூசியதும் கையைக் கழுவிவிடுவது நல்லது.

சரி, பலன் என்ன? முதல் ஒரு மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பூசியதும் ஒரு நிமிடம் சுருக்கென்று இருக்கும், அப்புறம் அடங்கும். இரண்டாம் மாதத்தில் தோல் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது. மூக்கோரம் வழக்கமாக இருக்கும் மங்கல் குறைந்தது. மூன்றாம் மாதம் தாண்டித்தான் தாடைக் கரும்புள்ளிகள் வெளிறத் தொடங்கின. புதிதாக வந்த புள்ளிகள் சீக்கிரம் போயின. பழையவை மெதுவாக, சில முழுதாகப் போகவே இல்லை. பரு வந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதைச் சீரம் நிரப்பும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கன்னத்து மங்கு (மெலாஸ்மா என்ற கரும்படை) விஷயத்தில் இதன் உதவி மிகக் குறைவு. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு வந்தது அது. சீரம் மட்டும் பூசிய காலத்தில் வித்தியாசமே இல்லை. தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும், நிறம் கலந்த சன்ஸ்கிரீனும்தான் அதைக் குறைத்தன. அந்த நிறத்துக்குக் காரணம் இரும்பு ஆக்சைடு. சாதாரண சன்ஸ்கிரீன் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்காது. நம் மாதிரி மாநிறத்திலும் கறுப்பிலும் மங்கு கிளம்ப அந்த ஒளியே போதும். ஜார்ஜ்டவுன் பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரிதான் வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்க உச்சி வெயில். அதனால் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் சன்ஸ்கிரீனுக்குச் செலவழியுங்கள். சீரம் அதற்கு அடுத்ததுதான். சீரம் பூசிவிட்டு வெறும் முகத்தோடு வெளியே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

எலுமிச்சைச் சாறு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், லிமாவ் நிப்பிஸ் என்ற சிறு பச்சை எலுமிச்சையைப் பிழிந்து முகத்தில் தடவிக்கொண்டு தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தாள். மறுநாள் கன்னத்தில் கொப்புளம். ஆறிய பிறகு சாறு வழிந்த கோடு அப்படியே கறுத்துப்போய் பல மாதம் இருந்தது. பச்சை எலுமிச்சையில் ஃப்யூரோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படித்தான் வெந்துபோகும். அதில் வைட்டமின் சியும் சொற்பம்தான். நூறு கிராம் சாற்றில் ஐம்பது மில்லிகிராம் கூடத் தேறாது. என் சீரத்தில் அதே நூறு கிராமுக்குப் பத்தாயிரம் மில்லிகிராம். இயற்கையானது, பாட்டி காலத்து வைத்தியம் என்று சொல்லி இளம் பெண்கள் முகத்தைக் கெடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை. வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துக் கலப்பதும் வேண்டாம். அதில் இனிப்பு, நிறம், மாத்திரையைப் பிடித்து வைக்கும் மாவு எல்லாம் இருக்கின்றன.

என் நாத்தனார் மகள் ஐந்தாம் படிவம் (பதினேழு வயதுப் பிள்ளைகளின் பள்ளி வகுப்பு) படிக்கிறாள். நான் கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, "அத்தை, இது மூஞ்சிய வெள்ளையாக்குமா?" என்று கேட்டாள். "ஆக்காதும்மா. பரு வந்த கறுப்பு போகும். உன் நிறம் உன் நிறமாவே இருக்கும்" என்றேன். அவள் முகம் வாடியது. வகுப்பில் யாரோ ஒருத்தி ஏதோ கிரீம் பூசி இரண்டே வாரத்தில் வெளுத்துவிட்டாளாம். அந்த மாதிரி கிரீம்கள்தான் எனக்குப் பயம். பாதரசமும், தோலை வெளுக்கும் ஹைட்ரோகுவினோனும் கலந்த பூச்சுகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரிக்கை விடுத்துக்கொண்டே இருக்கிறது. பாதரசம் சிறுநீரகம் வரை போய்க் கெடுக்கும். எந்தக் கிரீம் வாங்கினாலும் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் பொருளின் பெயரைப் போட்டு, அறிவிக்கை எண் (அங்கே முறைப்படி தெரிவித்துப் பதிந்த எண்) இருக்கிறதா என்று பார்க்கும்படி அவளுக்குக் கைப்பேசியிலேயே காட்டிக் கொடுத்தேன். அவளுக்கு இப்போதைக்கு நான் சொன்னது சன்ஸ்கிரீன் மட்டும்தான்.

கடைச் சீரங்கள் சிலவற்றில் வைட்டமின் சியோடு கலக்கும் ஃபெருலிக் அமிலத்தையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 15 சதவீத வைட்டமின் சி, 1 சதவீத வைட்டமின் ஈ இவற்றோடு அரை சதவீத ஃபெருலிக் சேர்த்தால் வெயில் பாதுகாப்பு இரண்டு மடங்காகிறது என்று அதே பின்னெல் குழு 2005-இல் காட்டியது. கலவையும் அதிக நாள் தாங்குகிறது. ஆனால் ஃபெருலிக் தண்ணீரில் லேசில் கரையாது, வைட்டமின் ஈ எண்ணெய்; இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்க வேறு பொருள்கள் வேண்டும். செய்து பார்த்தேன், அடியில் பொடி தங்கியது. வாரம் ஒரு முறை புதிதாகக் கலப்பவருக்கு அது அவசியம் இல்லை என்று விட்டுவிட்டேன். மூன்றும் சேர்ந்ததுதான் வேண்டும் என்றால் நல்ல நிறுவனத்தின் தயாரிப்பைக் குளுகுளு அறை உள்ள கடையில், புதிதாக வந்த பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவர்கள், தோல் உரிந்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். புருவம் த்ரெடிங் செய்த அன்றும் பூசாதீர்கள், நன்றாக எரியும். முதல் தடவை முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். 10 சதவீதமே எரிந்தால் ஐந்தில் தொடங்கலாம். அதுவும் எரிந்தால் சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் மாதிரி அமிலம் இல்லாத வகை இருக்கிறது. மெதுவாக வேலை செய்யும், ஆனால் சாது.

நூறு கிராம் பொடி வாங்கினால், வாரம் இரண்டு கிராம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு வருடம் வரும். இந்த ஈரக் காற்றில் அது கட்டி பிடிக்காமல் இருக்க, சிலிக்கா பொட்டலம் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். உனக்கு நன்றாக வந்திருக்கிறதே, எங்களுக்கும் விற்கலாமே என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். விற்பதாக இருந்தால் சட்டப்படி அறிவிக்கை செய்ய வேண்டும். அது ஒருபுறம் இருக்க, என் வீட்டை விட்டுப் போன போத்தல் எந்தச் சூட்டில் கிடக்கும் என்று எனக்குத் தெரியாது. அதனால் கேட்பவர்களை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லி, தராசை முன்னால் வைத்து அவர்கள் கையாலேயே கலக்க வைக்கிறேன். பொடி நான் தருவேன். போத்தலும் பிஎச் தாளும் அவர்கள் கொண்டு வர வேண்டும்.