பிஎச்பி பிழைகளைப் பிடிக்க எது: திரையா, லாக் ஃபைலா, மோனோலாகா, எக்ஸ்டீபக்கா?

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிக்கு ஆர்டர் எடுக்கும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிய ஒரு இணையப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். செந்தூராவா, பெங்களூராவா என்று ரகத்தைத் தேர்ந்தெடுக்காமலே இரவு பதினொரு மணிக்கு ஒரு வியாபாரி பொத்தானை அழுத்துகிறார். நிரல் எழுதியவர் அப்போது தூக்கத்தில் இருப்பார். நான்கு முறைகளையும் இந்த நேரத்தை வைத்தே எடைபோட வேண்டும்.

டிஸ்ப்ளே_எரர்ஸ் என்ற பிஎச்பி அமைப்பை ஆன் செய்து பிழையைத் திரையிலேயே பார்ப்பது, நிரல் எழுதும் கணினியில் மிக வேகமான வழி. சர்வரில் அதை ஒருபோதும் ஆனில் விடாதீர்கள். ஃபைல் பாதைகள் வெளியே தெரிவது ஒரு ஆபத்து. அதுவே புதுப் பிழையை உண்டாக்குவது இன்னொன்று. ரகம் வராததால் எழும் 'அன்டிஃபைன்ட் அரே கீ' எச்சரிக்கை, சர்வர் பிரவுசருக்குத் தரவாக அனுப்பும் ஜேசன் பதிலுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். பிரவுசரால் பதிலைப் படிக்க முடியாது. ஆர்டர் டேட்டாபேஸில் ஏறியிருக்கும், திரையில் சக்கரம் மட்டும் சுற்றும். வியாபாரி மறுபடி அழுத்தினால் ஒரே லோடு இரண்டு தடவை பதிவாகிவிடும்.

எங்கள் முதல் தேர்வு, பிழைகளைப் பதிந்து வைக்கும் பிஎச்பியின் சொந்த லாக் ஃபைல்தான். டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃப், லாக்_எரர்ஸ் ஆன், எரர்_ரிப்போர்ட்டிங் இ_ஆல் (எல்லாப் பிழைகளும்), எரர்_லாக் என்பதில் ஃபைலின் முழுப் பாதை: இந்த நான்கு வரிகள் போதும். ஆனால் இவற்றை பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ ஃபைலில் எழுதுங்கள். நிரலுக்குள் ஐஎன்ஐ_செட் என்று எழுதினால், அதே ஃபைலில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் ஃபைல் கம்பைலே ஆகாது. ஐஎன்ஐ_செட் வரி ஓடாது. வெள்ளைப் பக்கம்தான் மிஞ்சும். ஷேர்டு ஹோஸ்டிங்கில் (பலர் பகிரும் சர்வரில்) .யூசர்.ஐஎன்ஐ ஃபைலை மாற்றினால், அது நடைமுறைக்கு வர இயல்பாக 300 விநாடி வரை ஆகலாம். மாறவில்லை என்று பதறி வேறெதையும் கலைக்க வேண்டாம்.

லாக் ஃபைல் பொது ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் முகவரி தெரிந்த எவரும் படித்துவிடலாம். பிஎச்பி எந்தப் பயனர் பெயரில் ஓடுகிறதோ, அவருக்கு அதில் எழுத அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் செய்தி வெப் சர்வரின் லாகுக்குப் போய்விடும். காலியான ஃபைலைப் பார்த்து 'பிழையே இல்லை' என்று ஏமாறுவது இங்கேதான். டேட்.டைம்ஸோனை ஏசியா/கொல்கத்தா என்று வையுங்கள். யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே விட்டால் இரவு 11 மணிப் பிழை மாலை 5.30 என்று பதிவாகும். வியாபாரி சொல்லும் நேரத்தோடு ஒத்துப்பார்க்க முடியாது.

இந்த லாகில் சிக்காத ஒன்றும் உண்டு. பென்னாகரம் மலைப்பக்கம் சிக்னல் போய் இணைப்பு நடுவில் அறுந்தால், பிஎச்பி எந்தப் பிழையும் எழுதாமல் நின்றுவிடலாம். அப்போது என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் ஆக்சஸ் லாகில், பயனர் பக்கம் இணைப்பு அறுந்ததைக் குறிக்கும் 499 என்ற எண்ணைத் தேடுங்கள்.

படிவம் வளர்ந்து பணப் பரிவர்த்தனையும் சேர்ந்தால், லாக் எழுத உதவும் பிஎச்பி லைப்ரரியான மோனோலாக் அவசியம். ஆர்டர் எண், ரகம், எடை ஆகியவற்றைப் பிழையோடு சேர்த்து எழுதலாம். கடவுச்சொல்லையும் போன் எண்ணையும் எழுதவே கூடாது. அதிலுள்ள ஃபிங்கர்ஸ்கிராஸ்டு ஹேண்ட்லர் சிறு செய்திகளை நினைவில் வைத்திருந்து, பெரிய பிழை வந்தால் மட்டும் மொத்தத்தையும் கொட்டும். டிஸ்க் நிரம்பாது, பிழைக்கு முன் நடந்ததும் தெரியும். ஆனால் லைப்ரரிகளை ஏற்றும் கம்போசரின் ஆட்டோலோடே தவறினால் மோனோலாக் எழுந்திருக்காது. அதனால் மேலே சொன்ன நான்கு வரிகளை நீக்கக் கூடாது.

எக்ஸ்டீபக் என்ற பிழைதேடும் கருவி நிரலை வரிவரியாக நிறுத்திக் காட்டும். நள்ளிரவுப் பிழைக்கு நேரடியாக உதவாது. வேகத்தையும் குறைக்கும் என்பதால் சொந்தக் கணினியில் மட்டும் வையுங்கள். மூன்றாம் பதிப்பிலிருந்து அதன் போர்ட் 9003. பழைய குறிப்பைப் பார்த்து 9000 என்று போட்டால் எடிட்டரோடு இணையாது. பிரேக்பாயின்டில் (நிற்கச் சொன்ன வரியில்) நிறுத்தி யோசித்துக்கொண்டிருந்தால், இயல்பான அமைப்பில் என்ஜின்எக்ஸ் 60 விநாடியில் 504 (நேரம் கடந்துவிட்டது) என்ற பிழையைக் காட்டும். ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட்டை 600 ஆக்கினால் போதும். மோனோலாக் பதிந்த ஆர்டரின் அதே மதிப்புகளை, ரகம் காலியாக இருப்பது உட்பட, இங்கே கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.